இரு திரைக்கு எத்தனை துறை?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணியிருக்கும். சுவாமி அறையில் விளக்கேற்றித் திருநீறு அணிந்துகொண்டு, உயர்தர வகுப்பு மாணவரின் விடைத்தாள்களை மேசைமீது பரப்பிக்கொண்டு அமர்ந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கற்ற மாணவி ஒருத்தியும் அவளுடைய தாயாரும் முற்றத்தில் நின்றனர். தாயாரின் கையிலே ஒரு பை. பைக்குள்ளே கறுப்பு வயர்கள் சில சுருண்டு கிடந்தன.

"மாஸ்ரர், இந்த வயருகளை ஒருக்காப் பாருங்கோ. கடையிலை இது சரிவரும் எண்டுதான் தந்தவை. ஒண்டிலை படமே வரேல்லை. மற்றதிலை ரெண்டுக்கும் ஒரே படம் வருகுது" என்றார் தாயார்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதே, இது வெறும் வயர் விவகாரம் அன்று என்பது விளங்கிற்று.

விஷயம் இதுதான். அந்தப் பெண் கணக்கியல் கற்றுத் தேர்ந்தவள். வெளிநாட்டுக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருந்தது. முதல் மாதம் பரீட்சார்த்த காலம். ஒரு திரையிலே பற்றுச்சீட்டும் மற்றத் திரையிலே கணக்கேடும் திறந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு திரை இருத்தல் கட்டாயம் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். மடிக்கணினி ஒன்றைப் பழையதாக வாங்குவதற்குத் தாயார் தம் கைக்காப்பு இரண்டையும் அடகு வைத்திருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மாமனார், தம் அலுவலகத்தார் கழித்துவிட்ட திரைகள் இரண்டைப் பெட்டியிலிட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். கணினி இருக்கின்றது, திரைகளும் இருக்கின்றன. இடையிலே ஒரு முழ வயர்தான் வழிமறித்து நிற்கின்றது!

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த திரைகள் இன்று எங்கள் தெல்லிப்பழையிலே பல வீடுகளில் உறையோடு கிடப்பதை நான் அறிவேன். ஆதலால் அன்றிரவு நாங்கள் பட்ட பாட்டை ஒட்டியே இவ்வாரம் இதனை எழுதுகின்றேன். நேயர்கள் பொறுமையோடு படிப்பார்களாக.

முதலிலே சொற்குறிப்பு ஒன்று. கணினியின் பக்கவாட்டிலும் திரையின் முதுகிலும் வயர் செருகுவதற்கென உள்ள வாயிலை நமது பாடசாலைத் தகவல் தொழினுட்பப் பாடநூல்கள் 'துறை' என்கின்றன. அந்தச் சொல்லைக் கண்டபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. காங்கேசன்துறைக்குச் சில கட்டை தூரத்தில் வாழும் நமக்கு அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. கப்பலொன்று கரை சேர வேண்டுமாயின் புறப்படும் துறையும் வந்தடையும் துறையும் அதற்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டுமல்லவா? வயரின் கதையும் இதுவே. நம்மவர் செய்யும் பிழை, துறைகள் இரண்டையும் பாராமல் கப்பலை முதலில் வாங்கிவிடுவதுதான்.

அந்தப் பிள்ளையிடம் நான் கேட்ட முதற் கேள்வி, "உன் கணினியிலே என்ன துறை இருக்கு? திரைகளிலே என்ன துறை இருக்கு?" என்பதே. அவள் கெட்டிக்காரி, கைத்தொலைபேசியிலே எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்படங்களைப் பார்த்து ஒரு தாளில் வரைந்தோம். மடிக்கணினியிலே எச்.டி.எம்.ஐ. துறை ஒன்று; யூ.எஸ்.பி. சி எனும் சிறிய நீள்வட்டத் துறை ஒன்று. பெரிய திரையிலே டிஸ்பிளேபோர்ட், டி.வி.ஐ., வி.ஜி.ஏ. ஆகிய மூன்று. சிறிய பழைய திரையிலே டி.வி.ஐ., வி.ஜி.ஏ. ஆகிய இரண்டு மாத்திரம். திரைகள் இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. இல்லை. அலுவலகங்களுக்கென முன்னர் செய்யப்பட்ட திரைகளிலே இது சர்வ சாதாரணம்.

இத்துறைகளை உருவத்தால் அறிந்துகொள்வது எளிது. நீல நிறமாய், மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து துளைகளுடன், இருமருங்கும் திருகாணி பூட்டும் இடத்துடன் இருப்பது வி.ஜி.ஏ. பெரும்பாலும் வெண்மையாய், அகன்று, ஓர் அந்தத்தில் தட்டையான நீளத் துளையொன்று கொண்டிருப்பது டி.வி.ஐ. மெலிந்து, கீழ்மூலைகள் இரண்டும் சரிந்திருப்பது எச்.டி.எம்.ஐ. ஏறக்குறைய அதே பருமனாய், ஒரு மூலை மாத்திரம் வெட்டுண்டிருப்பது டிஸ்பிளேபோர்ட். பின்னைய இரண்டையும் ஒன்றென மயங்கி வலிந்து செருகித் துறையையே உடைத்தவர்கள் உண்டு. டிஸ்பிளேபோர்ட் வயரின் தலையிலே பெரும்பாலும் ஒரு சிறு அழுத்தி இருக்கும். கழற்றும்போது அதனை அழுத்திக்கொண்டே இழுத்தல் வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் உள்ளிருக்கும் கொளுக்கி துறையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒரு படத்தைக் காட்டுவதற்கு இத்தனை வகைத் துறைகள் ஏன் என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி. வி.ஜி.ஏ. 1987 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளோடு உலகுக்கு வந்தது. அக்காலத்துத் திரைகள் கண்ணாடிக் குழாய்த் திரைகள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் செறிவையும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அது கொண்டு சென்றது. அவ்வழுத்தம் ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. ஆகலின் வயர் நீண்டாலோ தரங் குறைந்தாலோ எழுத்துக்களுக்குப் பின்னே நிழல் படியும். பின்னர்த் தட்டைத் திரைகள் வந்தன. படத்தை எண்களாகவே அனுப்பும் டி.வி.ஐ. 1999 இல் வெளியாயிற்று. அதே அடிப்படையிலே ஒலியையும் சேர்த்து, தொலைக்காட்சிக் கம்பனிகள் சில கூடி 2002 டிசெம்பரில் எச்.டி.எம்.ஐ.யை வகுத்தன. கணினிக்காரர்கள் 2006 இல் டிஸ்பிளேபோர்ட்டைத் தனியே கொணர்ந்தனர். யூ.எஸ்.பி. சி 2014 இல் வந்தது.

வி.ஜி.ஏ. பிறந்த காலத்தில் நான் சிறுவன். 1990 இல் ஊரை விட்டுப் புறப்பட்ட பின்னர், மின்சாரமற்ற ஆண்டுகளிலே ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து படித்த தலைமுறை எங்களுடையது. இத்துறைகள் ஒவ்வொன்றும் பிறந்து மூத்த கதையை நாங்கள் இடையிலே காணவில்லை. கணினியை நாங்கள் தொட்டபோது எல்லாம் ஒருங்கே எங்கள் முன் வந்து குவிந்தன. எங்கள் ஊரவர்க்கு இதிலே குழப்பம் மிகுதியாயின் அதற்கு அறியாமை மாத்திரம் காரணமன்று.

இனிப் பையிலிருந்த வயர்களைப் பார்ப்போம். முதலாவது, ஒரு தலையிலே எச்.டி.எம்.ஐ.யும் மறுதலையிலே டிஸ்பிளேபோர்ட்டும் கொண்டது. மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ.; பெரிய திரையில் டிஸ்பிளேபோர்ட். பார்த்தால் கச்சிதமான பொருத்தம். செருகினால் திரை இருண்டே கிடக்கின்றது. வயர் பழுதன்று. திசைதான் பிழை.

இதனைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளேபோர்ட்டும் இரு வேறு மொழிகள். முன்னையது புள்ளிகளை வரிசை தவறாமல் ஓர் ஓட்டமாக அனுப்புகின்றது. பின்னையதோ தபாற் கந்தோரிலே கடிதங்களைப் பை பையாகக் கட்டி அனுப்புவதுபோல, சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகின்றது. இப்போது இருமொழி அறிந்த எழுதுவினைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணினிகளிலே உள்ள டிஸ்பிளேபோர்ட் துறைகளிற் பல அத்தகையவை. மறுகரையில் எச்.டி.எம்.ஐ. திரை இருப்பதை அறிந்தால் தாமே எச்.டி.எம்.ஐ. மொழியிற் பேசத் தொடங்கிவிடும். துறைக்கருகே 'டிபி' எழுத்துக்களும் இரண்டு கூட்டற் குறிகளும் இருந்தால் அத்துறை இவ்வகையினது. அந்த மலிவான வயர் இந்த ஆற்றலை நம்பியே செய்யப்பட்டிருக்கின்றது. அஃது தானாக மொழிபெயர்ப்பதில்லை. கணினியின் எச்.டி.எம்.ஐ. துறைக்கோ ஒரு மொழிதான் தெரியும். திரையின் டிஸ்பிளேபோர்ட்டுக்கும் ஒரு மொழிதான் தெரியும். இருவரும் எதிரெதிரே இருந்து விழிப்பார்கள், வேறொன்றும் நடவாது.

எச்.டி.எம்.ஐ. கணினியை டிஸ்பிளேபோர்ட் திரையோடு இணைக்க இயலாதா எனின், இயலும். அதற்கென மின்சுற்று அடங்கிய மாற்றி உண்டு. பெரும்பாலும் அதிலே மின்னூட்டுவதற்கு ஒரு யூ.எஸ்.பி. வாலும் தொங்கும். விலையும் கூட. கடையிலே கேட்கும்போது, "கணினியிலே இது, திரையிலே அது" என்று திசையோடு கேட்டல் வேண்டும். "எச்.டி.எம்.ஐ. டிஸ்பிளேபோர்ட் வயர் ஒன்று தாருங்கள்" என்று கேட்டால், அவர் எடுத்துத் தருவது இந்த ஒருதிசை வயராகவே இருக்கும். அவர்மீது குற்றஞ் சொல்ல முடியாது. பொதியுறையின் மூலையிலே ஒரு சிறு அம்புக்குறியும் போட்டிருந்தது. அதனைக் கவனிப்பார் யார்?

பையிலிருந்த இரண்டாவது பொருள், ஒரு வாயும் இரு வால்களும் உள்ள பிரிப்பான். அதனை அயலவர் ஒருவரின் இரண்டு தொலைக்காட்சிகளிலே பொருத்திப் பார்த்திருக்கின்றார்கள். இரண்டிலும் ஒரே படம். கோயிற் திருவிழாவிலே வடக்கு வீதியில் ஓர் ஒலிபெருக்கியும் தெற்கு வீதியில் ஓர் ஒலிபெருக்கியும் கட்டினால், இரண்டு நாதஸ்வரக் கச்சேரி நடக்கின்றதென்று பொருளாகுமா? கச்சேரி ஒன்றே, கேட்குமிடம் இரண்டு. பிரிப்பான் செய்வதும் அதுவே. வெவ்வேறு படம் வேண்டுமாயின், கணினிக்குள்ளே இருக்கும் வரைவியற் சுற்று இரு வேறு படங்களை ஆக்கி, இரு வேறு வழியால் வெளியே அனுப்புதல் வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு விலக்குண்டு. 2010 இல் வெளியான 1.2 எனும் பதிப்பு முதற்கொண்டு, டிஸ்பிளேபோர்ட்டின் பொதிகளிலே முகவரி எழுதி, ஒரே வயரில் இரண்டு மூன்று திரைக்குரிய படங்களைச் சேர்த்து அனுப்பும் வசதி வந்தது. அதற்கென்றுள்ள பெட்டியாலோ, ஒரு திரையிலிருந்து மறு திரைக்குச் சங்கிலியாகத் தொடுத்தோ அதனைப் பெறலாம். ஆயின் அப்பிள் கணினிகளின் மக் இயங்குதளம் இவ்வசதியால் வெவ்வேறு படம் காட்டுவதில்லை. மக்புக் அன்பளிப்பாக வந்தால் இதனை நினைவிற் கொள்க. அன்றியும் 2020 இல் வந்த எம்1 மக்புக் எயர் வெளித்திரை ஒன்றை மாத்திரமே ஏற்கும்.

"அப்ப இந்தச் சின்னத் துறையாலை ஒரு திரைக்குப் போகேலாதே, சேர்?" என்று பிள்ளை யூ.எஸ்.பி. சி துறையைக் காட்டிக் கேட்டாள். அவளுடைய நம்பிக்கை முழுவதும் அதிலேதான் இருந்தது.

யூ.எஸ்.பி. சி என்பது ஒரு வாயிலின் உருவத்துக்குரிய பெயரேயன்றி, அவ்வாயிலால் வருவது யாது என்பதற்குரிய பெயரன்று. ஒன்று மின்னூட்டம் மட்டும் தரும். மற்றொன்று கோப்புக்களை மட்டும் கடத்தும். வேறொன்று இவற்றோடு படத்தையும் அனுப்பும். வெளித் தோற்றத்திலே மூன்றும் ஒன்றே. துறைக்கருகே மின்னல் அம்பு இருந்தால் அது தண்டர்போல்ட், படம் வரும். டி எழுத்துக்குள்ளே பி எழுத்து அடங்கிய சின்னம் இருந்தாலும் படம் வரும். திரிசூலம் போன்ற யூ.எஸ்.பி. சின்னம் மாத்திரம் இருப்பின் நம்பிச் செலவு செய்தலாகாது. சில உற்பத்தியாளர் எச்சின்னமும் இடாமல் விட்டுவிடுகின்றனர். அப்போது அம்மாதிரிக்குரிய கைந்நூலைத் தேடிப் பார்ப்பதே வழி. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சி வயர்களுட் பலவற்றிலே படத்துக்குரிய கம்பிகளே இல்லையென்பதையும் சொல்லி வைக்கின்றேன்.

அவளுடைய கணினியிலே திரிசூலந்தான் இருந்தது. மாதிரியின் பெயரைக் கொண்டு கைந்நூலையும் தேடிப் பார்த்தோம். படம் வராது என்பது உறுதியாயிற்று.

தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப ரெண்டு திரை சரிவராதோ மாஸ்ரர்?" என்று மெல்லக் கேட்டார்.

அப்பொழுதுதான் எனக்கே புத்தியில் உறைத்தது. வயரையும் துறையையும் ஆராய்ந்துகொண்டிருந்த நான், முதலிலே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. "பிள்ளை, அவை கேட்டது இரண்டு திரையோ, இரண்டு வெளித்திரையோ?" அவள் கடிதத்தைத் திறந்து வாசித்தாள். இரண்டு திரை என்றுதான் எழுதியிருந்தது. மடிக்கணினியோடு பிறந்த திரை ஒன்று இருக்கின்றதே! அதற்கு வயரும் வேண்டாம், துறையும் வேண்டாம். பெரிய திரையை மாத்திரம் இணைத்துவிட்டால் இரண்டு திரை ஆகிவிடுகின்றது. வீட்டிலே இருப்பதை எண்ணாமல் வெளியே தேடியிருக்கின்றோம்.

பெரிய திரைக்கு வழி யாது? டி.வி.ஐ. இருக்கின்றது. எச்.டி.எம்.ஐ.யும் டி.வி.ஐ.யும் ஒரே அடிப்படையில் எழுந்தவை என மேலே குறிப்பிட்டேன். படத்தைப் பொறுத்தமட்டில் இரண்டும் பேசுவது ஒரே மொழி. ஆகவே மாற்றி ஒன்றும் வேண்டியதில்லை. வெறும் கம்பியால் ஆன மலிவான வயரே போதும். திசை வேறுபாடும் இல்லை. ஒலி மாத்திரம் வராது. அத்திரையிலே ஒலிபெருக்கியும் இல்லை. 1920 × 1080 புள்ளி கொண்ட படத்தை விநாடிக்கு 60 தடவை அனுப்புவதற்கு டி.வி.ஐ.யின் ஒற்றை இணைப்பே தாராளமாகப் போதும்.

ஞாயிறு இரவிலே வயருக்கு எங்கே போவது? என் மேசையின் கீழே ஓர் அட்டைப்பெட்டி உண்டு. பழைய வயர்கள், மின்னூட்டிகள், பெயர் தெரியாத இணைப்பிகள் எல்லாம் அதற்குள்ளே அடைக்கலம். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது என் மனைவி அதனை எறியச் சொல்லுவார், நான் மறுப்பேன். அப்பெட்டியின் அடியிலே, நான் முதன்முதல் வாங்கிய திரையோடு வந்த எச்.டி.எம்.ஐ.–டி.வி.ஐ. வயர் கிடந்தது. அதனை எடுத்துத் தூசு தட்டியபோது மனைவியின் முகத்தைப் பாராமலே புறப்பட்டேன்.

அவர்களுடைய வீடு ஸ்ரேசனுக்கு அப்பால். மீள்குடியேறி வந்தபோது அத்திவாரமும் கிணறும் மாத்திரம் எஞ்சியிருந்த காணி. இப்போது இரண்டு அறையுள்ள சிறு வீடு. திரையின் மின்வயரிலே கனடாவின் தட்டை முள் செருகி இருந்தது. அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. திரையின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டிலே 100 முதல் 240 வோல்ற்று வரை என அச்சிட்டிருந்தபடியால் அச்சமில்லை. மேசைக் கணினிகளுக்குரிய நமது ஊர் மின்வயரே அதற்குப் பொருந்தியது. 120 என்று மட்டும் இருப்பின் மின்மாற்றி இல்லாமல் செருகுதல் கூடாது. அந்தத் தகட்டை வாசியாமல் எதனையும் செருகாதீர்கள்.

வயரைப் பூட்டினோம். திரை இருண்டே இருந்தது.

தாயார் சுவாமிப் படத்தை ஒருமுறை பார்த்தார். நானும் ஒரு கணம் திகைத்தேன். பின்னர் திரையின் கீழ்விளிம்பிலிருந்த பொத்தானை அழுத்தினேன். ரொறன்ரோ அலுவலகத்திலே அது டிஸ்பிளேபோர்ட்டால் இயங்கியிருக்கின்றது. இங்கும் அவ்வாயிலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. உள்ளீட்டை டி.வி.ஐ. என மாற்றிய மாத்திரத்தில் படம் வந்துவிட்டது. வயர் பழுது, திரை பழுது என்று கழிக்கப்படுபவற்றுட் சில இவ்வாறு வாயில் மாறிக் காத்திருப்பவையாகவே இருக்கும்.

வந்த படம் மடிக்கணினியில் உள்ளதன் பிரதியாக இருந்தது. விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். அவற்றிலே நீட்டுதல் என்பதைத் தெரிந்தவுடன் பெரிய திரை தனித் திரையாயிற்று. ஒன்று மட்டும் எஞ்சியது. பெரிய திரை வலப்பக்கம் இருக்க, சுட்டியோ இடப்பக்கத்தாலே அதற்குள் நுழைந்தது. அமைப்புப் பகுதியிலே திரைகளின் படங்களை இழுத்து இடம் மாற்றி வைத்ததும் அதுவும் நேரானது. பெரிய திரையைக் கண்ணுக்கு நேரேயும் மடிக்கணினியைச் சற்றுச் சரிவாகப் பக்கத்திலும் வைக்கச் சொன்னேன். நாள் முழுதும் கழுத்தைத் திருப்பி வேலை செய்தால் ஒரு மாதத்திலே நோவு வந்துவிடும்.

மேசைக் கணினி வைத்திருப்போருக்கும் சில வார்த்தை. பெட்டியின் பின்புறத்திலே தாய்ப்பலகையின் துறைகள் ஓரிடத்திலும், தனி வரைவியல் அட்டை இருப்பின் அதன் துறைகள் அதற்குக் கீழே வேறோரிடத்திலும் இருக்கும். அட்டை இருந்தால் திரைகள் இரண்டையும் அட்டையிலேயே பூட்டுக. இன்ரெல் செயலியின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதற்குள்ளே வரைவியற் சுற்று இல்லை. தாய்ப்பலகைத் துறையால் படம் வராது. பழைய வி.ஜி.ஏ. திரைக்கு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மாற்றி சிறியதாகவும் மலிவாகவும் கிடைக்கும். அதுவும் ஒருதிசைப் பொருளே.

வயரின் தரத்தைப் பற்றி என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்புக்குப் போயிருந்தபோது, ஒரு கடையிலே எச்.டி.எம்.ஐ. வயர் கேட்டேன். பொன்முலாம் பூசியதும் துணி சுற்றியதும் 8கே என்று பொறித்ததுமான ஒன்றை எடுத்துக் காட்டி, இதிலே படம் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்றார்கள். பௌதிகம் கற்ற நானும் நம்பினேன்! சாதாரண வயரின் விலையிலும் பல மடங்கு கொடுத்து வாங்கி வந்து பூட்டினால், முன்னர் இருந்த படமே இருந்தது. எண்களாகச் செல்லும் படம் ஒழுங்காகச் சேரும். சேராவிடின் பொறி பறக்கும், அல்லது இடையிடையே அணையும். பொன்முலாம் நிறத்தை அழகாக்குவதில்லை.

கணக்கையும் பாருங்கள். 1920ஐ 1080 ஆற் பெருக்கினால் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிற்று. விநாடிக்கு 60 தடவை. ஏறக்குறைய 300 கோடி பிற்று. கேட்க மலைப்பாயிருப்பினும், 'ஹை ஸ்பீட்' என்று பொறித்த இரண்டு மீற்றர் வயர் இதனை எளிதிற் சுமக்கும். 4கே திரை வாங்கியவர்களின் நிலை வேறு. அங்கே புள்ளிகள் நான்கு மடங்கு. 2009 இல் வந்த 1.4 பதிப்பு எச்.டி.எம்.ஐ. துறை அதனை விநாடிக்கு 30 தடவையே அனுப்பும். சுட்டியை அசைத்தால் அது தயங்கித் தயங்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். 2013 இல் வந்த 2.0 பதிப்பே 60 தடவைக்கு உரியது. அங்ஙனம் வேண்டுவோர் 'பிரிமியம் ஹை ஸ்பீட்' எனும் முத்திரையைப் பார்த்து வாங்குக. துறை பழையதாயின் எவ்வளவு விலையுயர்ந்த வயரும் அதனைப் புதிதாக்காது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கியதும் கணினியையும் திரைகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடும்படி அப்பெண்ணுக்குச் சொல்லிவிட்டுப் புறப்படும்போது மணி ஒன்பதரை. தாயார் தேநீர் தந்தார். பிள்ளை பெரிய திரையிலே வெற்றுக் கணக்கேடு ஒன்றைத் திறந்து வைத்து, மடிக்கணினியிலே வேறொரு பக்கத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பமாயிற்று. சிறிய திரையைத் தம்பியின் பழைய மேசைக் கணினிக்கு வி.ஜி.ஏ. வயரால் பூட்டிவிட்டார்கள், அவன் கடந்தகால வினாத்தாள்களை அதிலே பார்க்கின்றான். உறை பிரித்த வயரைக் கடையிலே திரும்ப எடுக்கவில்லை. எங்கள் பாடசாலைக் கணினி ஒன்றிலே டிஸ்பிளேபோர்ட் துறையும், அங்கிருக்கும் எறிவையிலே எச்.டி.எம்.ஐ. துறையும் இருப்பதால், திசை சரியாக வருகின்றதென்று அதனை நான் வாங்கிய விலைக்கே பெற்றுக்கொண்டேன். பிரிப்பானுக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை. காப்பு வங்கியிலே இருக்கின்றது. பரீட்சார்த்த மாதம் முடிய இன்னும் மூன்று கிழமை உண்டு.